வெயிலிலிருந்து லாரிக்கு: பசுமை ஹைட்ரஜன் கணக்கு எங்கே இடிக்கிறது?

நீரிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க இன்றைய இயந்திரங்களுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவைப்படுகிறது. சூரிய ஒளி மின்சாரத்தில் ஹைட்ரஜன் (இந்த வகையைத்தான் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள்) தயாரித்து அதில் லாரியும் பேருந்தும் ஓட்டப்போவதாக வரும் எந்த அறிவிப்பையும் இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. திட்டம் நடக்குமா, எங்கே நடக்கும், யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதில் பெரும்பகுதி இங்கிருந்தே கிளம்பி வருகிறது.

அந்த 1 கிலோவிலிருந்து நமக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல் 33 யூனிட் சொச்சம். கொடுத்தது 53, வந்தது 33. இது முதல் படி மட்டும்தான். அழுத்துவது, குளிர்விப்பது, ஏற்றிச் செல்வது, வண்டிக்குள் மறுபடி மின்சாரமாக மாற்றுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் கொஞ்சம் கழிகிறது. கடைசியில் சக்கரத்தைச் சுற்ற மிஞ்சுவது, பேனலில் விளைந்த மின்சாரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. அதே மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் ஏறத்தாழ முக்கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் ஹைட்ரஜன் வீண்தானே" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது அவசர முடிவு. பெட்ரோல் என்ஜின்கூட எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. நூறாண்டுக்கு மேலாக உலகம் அதில்தான் ஓடுகிறது. திறன் குறைவு என்ற ஒரே காரணத்தால் எந்த எரிபொருளும் தோற்றுப்போனதில்லை. மலிவாகக் கிடைத்து, சேமிக்க எளிதாக இருந்து, தூர இடங்களுக்கு எடுத்துச்செல்லவும் வசதியாக இருந்தால் திறன் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்ரோலுக்கு இந்த மூன்றும் இருந்தன. சூரிய ஹைட்ரஜனுக்கு முதலாவது மட்டும், அதுவும் பாதியளவுக்கு இருக்கிறது. மற்ற இரண்டிலும்தான் சிக்கல்.

வேதியியல் பழையது, மலிவான பேனல்தான் புதியது

1800ஆம் ஆண்டு, வோல்ட்டா தன் மின்கலத்தைப் பற்றி எழுதிய செய்தி லண்டனை எட்டிய சில வாரங்களிலேயே, வில்லியம் நிக்கல்சனும் ஆண்டனி கார்லைலும் அப்படியொரு கலத்தைச் செய்து நீருக்குள் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துவிட்டார்கள். 1839இல் வில்லியம் குரோவ் அதைத் திருப்பிப் போட்டார்: இரண்டு வாயுக்களையும் சேர்த்து மின்சாரம் எடுத்தார். இன்றைய எரிபொருள் கலத்தின் தொடக்கம் அது. ஹைட்ரஜனில் வண்டி ஓட்டுவதோ அதற்கும் முந்தைய கதை. சுவிட்சர்லாந்துக்காரர் இசாக் தெ ரிவாஸ், சிலிண்டருக்குள் ஹைட்ரஜனைப் பொறி வைத்து வெடிக்கச் செய்து ஒரு வண்டியை நகர்த்தியது 1807 வாக்கில். ஜெனரல் மோட்டார்ஸ் 1966இல் எரிபொருள் கலத்தில் ஓடும் வேன் ஒன்றைச் செய்துகாட்டியது. தொட்டிகளும் குழாய்களும் வண்டியின் பின்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்ள, ஆட்கள் உட்கார முன்னால் இரண்டே இடம்தான் மிஞ்சியது.

ஆக, எப்படிச் செய்வது என்பது இரண்டு நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். மாறியது மின்சாரத்தின் விலை. 2010 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் சோலார் பேனலின் விலை ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. வெயில் நன்றாக அடிக்கும் பல நாடுகளில் பகல்நேர மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவாகிவிட்டது. "நண்பகலில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, இதைச் சேமித்து வைத்தால் என்ன" என்ற கேள்வியிலிருந்துதான் இப்போதைய ஹைட்ரஜன் ஆர்வம் கிளம்பியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹைட்ரஜன் ஏற்கெனவே பெரிய தொழில். 2023இல் உலகம் பயன்படுத்தியது சுமார் 9.7 கோடி டன். உரத்துக்கான அமோனியா, எண்ணெய் சுத்திகரிப்பு, மெத்தனால் ஆகியவற்றுக்கே பெரும்பகுதி போகிறது. இதில் கார்பன் உமிழ்வு குறைந்த முறைகளில் வந்தது 1 சதவீதத்துக்கும் கீழே. மற்றதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வந்தது. எரிவாயுவில் 1 கிலோ ஹைட்ரஜன் செய்தால் 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது; நிலக்கரியில் கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. சாலையில் ஓடும் ஹைட்ரஜன் வண்டிகளில் பலவும் இன்றுவரை இந்த வகை ஹைட்ரஜனில்தான் ஓடுகின்றன. புகைக்குழாயில் நீராவி மட்டும் வருகிறது என்பது உண்மை. புகை வேறு ஊரில் போகிறது என்பதும் உண்மை.

மேகமும் எலக்ட்ரோலைசரும்

மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் இயந்திரம் எலக்ட்ரோலைசர். நடைமுறையில் இரண்டு வகை ஆதிக்கம் செலுத்துகின்றன. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இயங்கும் ஆல்கலைன் வகை நூறாண்டு அனுபவம் உள்ளது, விலையும் குறைவு. மெல்லிய பாலிமர் சவ்வை வைத்து இயங்கும் பெம் வகை கச்சிதமானது, மின்சாரம் ஏறி இறங்கினால் சட்டென்று ஈடுகொடுக்கும். ஆனால் அதற்கு இரிடியம் என்ற அரிய உலோகம் வேண்டும். உலகம் முழுவதும் ஓராண்டில் தோண்டியெடுக்கும் இரிடியமே 7, 8 டன் அளவுதான், அதிலும் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து. 700 டிகிரிக்கு மேல் சூடாக இயங்கும் மூன்றாவது வகையும் உண்டு. மின்சாரத்தை மிச்சப்படுத்தும்தான், ஆனால் தினமும் மாலையில் அணைத்துக் காலையில் மூட்டுவது அதற்கு ஆகாது. சூரியனோடு சேர்த்துப் பேசும்போது அதை ஒதுக்கி வைத்துவிடலாம்.

மலிவான ஆல்கலைன் இயந்திரத்தைச் சூரியனோடு இணைக்கும்போது வரும் தொல்லை பற்றிப் பொதுவாக யாரும் பேசுவதில்லை. உள்ளே ஒரு தடுப்புத் திரைக்கு ஒருபக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் ஆக்சிஜனும் உருவாகின்றன. திரை வழியே கொஞ்சம் ஹைட்ரஜன் எப்போதும் ஆக்சிஜன் பக்கம் கசியும். முழு வேகத்தில் ஓடும்போது ஆக்சிஜன் ஏராளமாக வருவதால் அந்தக் கசிவு நீர்த்துப்போகிறது. மேகம் மறைத்து மின்சாரம் குறையும்போது ஆக்சிஜன் உற்பத்தி விழுகிறது. கசிவோ அவ்வளவாகக் குறைவதில்லை. ஆக்சிஜனில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கலவை தீப்பற்றும். அதனால் பாதி அளவிலேயே, 2 சதவீதம் வந்ததும், பாதுகாப்பு அமைப்பு இயந்திரத்தை நிறுத்திவிடும். முழுத் திறனில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மின்சாரம் போனால் இயக்கவே முடியாது என்றாகிறது. விடியற்காலையும் அந்திநேரமும் மேகமூட்டமும் இப்படித்தான் கணக்கிலிருந்து கழிகின்றன. போதாக்குறைக்கு, நிறுத்தும் ஒவ்வொரு முறையும் உள்ளே சிறிது நேரம் எதிர்த்திசையில் மின்னோட்டம் பாய்ந்து மின்வாயை அரிக்கிறது. ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடுவதற்காக உருவான இயந்திரத்தைத் தினமும் அணைத்து அணைத்து மூட்டினால் அதன் ஆயுள் குறையத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எளிய பெருக்கல் கணக்கில் இருக்கிறது. 1 மெகாவாட் எலக்ட்ரோலைசர் ஆண்டு முழுக்க, இரவு பகலாக ஓடினால் சுமார் 165 டன் ஹைட்ரஜன் தரும். சூரியனை மட்டும் நம்பினால் அது முழுத் திறனில் ஓடும் நேரம் ஆண்டில் ஏறத்தாழ 20 சதவீதம்தான். கிடைப்பது 33 டன். இயந்திரத்துக்குப் போட்ட முதல், வட்டி, பராமரிப்பு எல்லாவற்றையும் 165 டன்னால் வகுப்பதற்குப் பதில் 33 டன்னால் வகுக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் இலவசமாகவே கிடைத்தாலும் இயந்திரத்தின் பங்கு ஒவ்வொரு கிலோவின் தலையிலும் ஐந்து மடங்காக ஏறும். "பகலில் வீணாகும் உபரி மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்வோம்" என்ற யோசனை கேட்க இனிமையாக இருந்தும் நடைமுறையில் தடுமாறுவது இதனால்தான். உபரி கிடைக்கும் மணிநேரங்கள் அதைவிடவும் குறைவு.

இதற்கு வழக்கமான மாற்று, எலக்ட்ரோலைசரைவிடப் பெரிய சோலார் நிலையம் கட்டுவது. ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில் நமியே என்ற ஊரில் 2020இல் திறந்த ஆராய்ச்சி நிலையம் இதற்கு நல்ல உதாரணம்: 10 மெகாவாட் எலக்ட்ரோலைசருக்கு 20 மெகாவாட் சோலார். டோக்கியோ ஒலிம்பிக் தீபம் எரிந்தது அங்கு தயாரான ஹைட்ரஜனில்தான். இரு மடங்கு பேனல் வைத்தால் உச்சி வெயிலில் விளையும் மின்சாரத்தில் கொஞ்சத்தைக் கைவிட வேண்டும்; பதிலுக்குக் காலையிலும் மாலையிலும் இயந்திரம் நன்றாக ஓடும், ஓட்டநேரம் 35 சதவீதத்தை நெருங்கும். இரவில் காற்று வீசும் இடமாக இருந்து காற்றாலையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. உலகின் பெரிய ஹைட்ரஜன் திட்டங்கள் சூரியனும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் பாலைவனக் கரையோரங்களைத் தேடிப் போவது இந்தக் காரணத்தால்.

இன்னொரு வழியும் உண்டு, அதில்தான் ஏமாற்று வேலைக்கு இடம் அதிகம். பகலில் சூரியன், இரவில் பொது மின்தொடரிலிருந்து (கிரிட்) இழுத்துக்கொள்வது. இயந்திரம் ஓய்வின்றி ஓடும், விலை குறையும். ஆனால் நிலக்கரி மிகுந்த மின்தொடரில் ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், 53 யூனிட்டுக்கு 37 கிலோ. எரிவாயுவில் நேரடியாகச் செய்யும் "அழுக்கு" ஹைட்ரஜனைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. பகலில் தொடருக்கு விற்ற சூரிய மின்சாரத்தை இரவில் வாங்கியதோடு ஆண்டுக்கணக்கில் நேர்செய்து "நூறு சதவீதம் பசுமை" என்று காகிதத்தில் காட்டிவிடலாம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி வகுத்தது: ஹைட்ரஜனுக்கென்று புதிதாகக் கட்டிய நிலையத்தின் மின்சாரமாக இருக்க வேண்டும், 2029 முடியும்வரை மாதக் கணக்கில் நேர்செய்யலாம், 2030 முதல் மணிக்கு மணி பொருந்த வேண்டும். இந்தியா அதே ஆண்டு வைத்த வரையறை வேறு மாதிரி: 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 12 மாத சராசரியாக 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் போகக்கூடாது. மணிக்கணக்கு கடுமையானது, திட்டங்களின் செலவை ஏற்றுகிறது என்று தொழில்துறை முணுமுணுக்கிறது. முணுமுணுப்பில் நியாயம் இருக்கலாம். என்றாலும், மணிக்கணக்கு இல்லாமல் "சூரிய ஹைட்ரஜன்" என்ற பெயருக்கு அர்த்தம் அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

தண்ணீர் பற்றி நிறைய பேர் கவலைப்படுகிறார்கள். 1 கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்கில் 9 லிட்டர் நீர். சுத்திகரிப்பில் கழியும் நீரையும் சேர்த்தால் இன்னும் கூடும். குளிர்விக்கும் முறையைப் பொறுத்து மேலும் ஏறும். கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு 3, 4 யூனிட் போதும். 53 யூனிட் செலவாகும் இடத்தில் அது தூசு. கடலை விட்டு வெகுதூரத்தில் உள்ள வறண்ட நிலத்தில் மட்டும் இது நிஜமான கேள்வி.

பேனலுக்கும் பங்க்குக்கும் நடுவே

சரி, ஹைட்ரஜன் வந்துவிட்டது. இனிமேல்தான் சாலைப் போக்குவரத்துக்கே உரிய தலைவலி தொடங்குகிறது. உரத் தொழிற்சாலைக்குக் கொடுப்பதானால் பக்கத்திலேயே ஆலையை வைத்துக் குழாயில் அனுப்பிவிடலாம். வண்டிக்குக் கொடுப்பதானால் அதை ஒரு தொட்டிக்குள் அடக்க வேண்டும்.

எடையைப் பார்த்தால் ஹைட்ரஜனை மிஞ்ச எரிபொருள் இல்லை: 1 கிலோவில் பெட்ரோலைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றல். கன அளவைப் பார்த்தால் தலைகீழ். சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல 700 மடங்கு அழுத்தினாலும் ஒரு லிட்டரில் அடங்குவது 40 கிராம். ஆற்றலில் சொன்னால் லிட்டருக்கு 1.3 யூனிட், பெட்ரோலில் 9 யூனிட். அந்த அழுத்தத்தைத் தாங்க கார்பன் இழை சுற்றிய தொட்டி வேண்டும். நல்ல தொட்டியிலும், தொட்டியின் எடையில் 6 சதவீதம்தான் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன். திரவமாக்கினால் லிட்டருக்கு 71 கிராம் அடங்கும். அதற்கு மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அந்த வேலைக்கே கிலோவுக்கு 10 யூனிட்டுக்கு மேல் போகும், அப்புறம் தொட்டியில் சும்மா இருக்கும்போதே தினமும் கொஞ்சம் ஆவியாகும்.

ஏற்றிச் செல்வதைப் பாருங்கள். 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறத்தாழ சாதாரணக் காற்றழுத்தம்) நீண்ட இரும்பு உருளைகளை அடுக்கிய 40 டன் லாரி ஒன்று சுமக்கும் ஹைட்ரஜன் 300, 400 கிலோதான். பஞ்சு மூட்டை ஏற்றிய வண்டி மாதிரி, பார்க்கத்தான் பாரம். ஒரு டீசல் டேங்கர் 30,000 லிட்டர் கொண்டுவந்து நூறு லாரிகளின் தொட்டியை நிரப்பும் இடத்தில், ஒரு ஹைட்ரஜன் டிரெய்லர் பத்து, பன்னிரண்டு லாரிகளுக்குத்தான் காணும். தொட்டிகளை உயர் அழுத்தம் தாங்கும் இழைக் கூட்டுப்பொருளில் செய்தால் 1 டன் வரை ஏற்றலாம். செலவும் கூடவே ஏறும்.

நிரப்பும் நிலையமும் பெட்ரோல் பங்க் போல எளிய சமாச்சாரம் இல்லை. காலியான தொட்டிக்குள் வாயுவை வேகமாகத் திணித்தால் அது சூடேறும். தொட்டி 85 டிகிரியைத் தாண்டக்கூடாது. அதனால் குழாய்க்கு வரும் முன்பே ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். 900 பார் வரை அழுத்தும் கம்ப்ரஸர், குளிர்விப்பான், இடைத் தொட்டிகள் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 4 முதல் 6 யூனிட் கூடுதல். சுத்தமும் கறாராக இருக்க வேண்டும்: 99.97 சதவீதம், அதில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் இருந்தால் எரிபொருள் கலத்தில் வினையைத் தூண்டும் பிளாட்டினத்தின் செயல் மங்கிவிடும். நிலையத்தில் ஒரே கம்ப்ரஸர் இருந்து அது பழுதானால் அன்றைக்கு விற்பனை இல்லை. ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம் என்பது ஹைட்ரஜனின் பெரிய விளம்பரம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் வேலை செய்யும் நிலையம் ஒன்றைத் தேடிப் போயாக வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் பற்றும், மிகச் சிறிய பொறி போதும், சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் திறந்த வெளியில் விறுவிறுவென்று மேலே ஏறிக் கலைந்துவிடும். பெட்ரோலைப்போல தரையில் தேங்காது. 2019 ஜூன் 10 அன்று ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் சான்ட்விகாவில் ஒரு நிரப்பு நிலையம் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டி ஒன்றின் மூடியில் போல்ட்டுகளைச் சரியாக முறுக்காமல் விட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. யாரும் சாகவில்லை. அதிர்ச்சியில் பக்கத்துச் சாலையில் போன கார்களின் ஏர்பேக் விரிந்து இரண்டு பேருக்கு இலேசான காயம்.

கார் தோற்ற ஆட்டம், லாரியின் நிலை வேறு

டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் கார் 2014 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் தலைமுறை மிராய் 5.6 கிலோ ஹைட்ரஜனில் அமெரிக்கச் சோதனை அளவுப்படி சுமார் 650 கிலோமீட்டர் ஓடும். அதை நிரப்பச் செலவாகும் சூரிய மின்சாரம், அழுத்துவதையும் சேர்த்து, ஏறத்தாழ 325 யூனிட். அதே 325 யூனிட்டை அந்த அளவுள்ள ஒரு பேட்டரி கார் வாங்கிக்கொண்டால் சார்ஜ் ஏற்றும் இழப்பு போக 1,500 கிலோமீட்டர் தாண்டிவிடும். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றும் வசதியையும் சேர்த்தால் போட்டி முடிந்த மாதிரிதான். ஷெல் நிறுவனம் 2024 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடியது. 2025 ஜூலையில் ஸ்டெல்லான்டிஸ் என்ற வாகன நிறுவனம் தன் ஹைட்ரஜன் வேன் திட்டத்தைக் கைவிட்டது. காரைப் பொறுத்தவரை இனி விவாதிக்க அதிகம் இல்லை.

லாரியில் கதை அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. 40 டன் லாரிக்கு ஆயிரம் கிலோமீட்டர் பேட்டரி வைத்தால் எடை எக்கச்சக்கமாகும், சரக்கு குறையும். 2023 செப்டம்பரில் டைம்லர் நிறுவனத்தின் சோதனை லாரி, 80 கிலோ திரவ ஹைட்ரஜனை ஒருமுறை நிரப்பிக்கொண்டு ஜெர்மனியில் 1,047 கிலோமீட்டர் ஓடியது. பேட்டரி லாரி இன்று அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் நிறுத்தாமல் ஆயிரம் கிலோமீட்டர் யார் ஓட்டுகிறார்கள்? ஐரோப்பிய விதிப்படி நாலரை மணிநேரம் ஓட்டியதும் ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். அந்த இடைவேளையில் மெகாவாட் அளவில் சார்ஜ் ஏற்றும் கருவிகள் வர ஆரம்பித்துவிட்டன. பேட்டரியின் விலையும் 2010இல் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. டைம்லரே தன் ஹைட்ரஜன் லாரியின் தொடர் உற்பத்தியை 2030களின் தொடக்கத்துக்குத் தள்ளிப் போட்டிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கனரக ஹைட்ரஜன் லாரி 100 கிலோமீட்டருக்கு 8 கிலோ எடுக்கும். ஆண்டுக்கு 1 லட்சம் கிலோமீட்டர் ஓடினால் 8 டன். அதற்கு அழுத்துவது உட்பட 4.6 லட்சம் யூனிட். பேட்டரி லாரிக்குக் கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் என்று வைத்தால், இழப்பு உட்பட 1.4 லட்சம் யூனிட். நல்ல வெயிலடிக்கும் இடத்தில் 1 மெகாவாட் சோலார் நிலையம் ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் தரும். அதில் ஹைட்ரஜன் லாரியானால் மூன்று, மூன்றரை. பேட்டரி லாரியானால் பதினொன்று.

பேட்டரி பக்கம் சாய்ந்து சொன்ன இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சூரியன் பகலில் கொடுக்கிறது. பல லாரிகள் டிப்போவுக்கு வருவது இரவில். பகல் மின்சாரத்தை இரவுக்கு வைக்க நிலையான பேட்டரி வேண்டும், அதிலும் 10, 15 சதவீதம் கழியும். பதினொன்று பத்தாகக் குறையலாம், அவ்வளவுதான். ஒரு இரவைத் தாண்ட பேட்டரி போதும். இரண்டு வாரம் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால், அல்லது கோடையில் விளைந்ததைக் குளிர்காலத்துக்கு வைக்க வேண்டுமென்றால், பேட்டரி கட்டுப்படியாகாது. ஹைட்ரஜன் உண்மையிலேயே வலுவாக நிற்பது அந்த இடத்தில்தான். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேமிப்பது என்ற தேவை இருந்தால் மூன்று மடங்கு மின்சாரம் செலவழிப்பதில் பொருள் உண்டு.

வேறு காரணங்களால் ஹைட்ரஜன் பொருந்தும் இடங்களில் ஒன்று லடாக்கின் லே. கடல்மட்டத்திலிருந்து 3,650 மீட்டர் உயரத்தில் என்டிபிசி என்ற பொதுத்துறை மின் நிறுவனம் ஐந்து எரிபொருள் கலப் பேருந்துகளுக்காகத் தனியாக 1.7 மெகாவாட் சோலார் நிலையம் அமைத்து ஹைட்ரஜன் தயாரிக்கிறது. லடாக்கில் வெயில் அபாரம். டீசலையோ மலைச்சாலையில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கடுங்குளிரில் பேட்டரிப் பேருந்து பயணிகளைச் சூடாக வைத்திருக்கத் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துச் செலவழிக்கும். எரிபொருள் கலத்திலோ பாதி ஆற்றல் எப்படியும் வெப்பமாகத்தான் போகிறது. சமவெளியில் நஷ்டமாக எழுதப்படும் அந்த வெப்பம் அங்கே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பயன்படும். காற்று மெல்லியதாக இருப்பதால் கலத்துக்குக் காற்று ஊட்டும் கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும் என்பது எதிர்ப்பக்கத்து வரவு.

நகரப் பேருந்துகளில் நிலைமை நேரெதிர். பிரான்ஸின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பேருந்துகளுக்குப் போட்ட திட்டத்தை 2022 ஜனவரியில் நிறுத்தியது. கிலோமீட்டருக்கு ஹைட்ரஜனுக்கு 95 யூரோ சென்ட், மின்சாரத்துக்கு 15 சென்ட் என்று அவர்கள் கணக்கு சொன்னது. வாங்கும்போது மானியம் கிடைத்துவிடும், ஓட்டும்போது கிடைக்காது. இந்த வகைத் திட்டங்கள் பலவும் கவிழ்வது திறப்பு விழாவுக்கு அப்புறம்தான்.

ஹைட்ரஜனை எரிபொருள் கலத்தில் செலுத்தாமல் வழக்கமான என்ஜினிலேயே எரிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. செலவு குறைவு, அவ்வளவு சுத்தமான வாயுவும் தேவையில்லை. ஆனால் திறன் இன்னும் குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் வரும். கட்டுமான இயந்திரங்கள், சுரங்க வாகனங்கள் போன்றவற்றுக்கு அது பொருந்தலாம்.

கசிவையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். ஹைட்ரஜன் நேரடியாகப் பசுங்குடில் வாயு அல்ல. ஆனால் காற்றில் மீத்தேன் என்ற பசுங்குடில் வாயுவைச் சிதைக்கும் வேதிப்பொருளை இது தின்றுவிடுவதால் மீத்தேன் கூடுதல் காலம் தங்குகிறது. நூறாண்டு அளவில் இதன் மறைமுகத் தாக்கம் கார்பன் டை ஆக்சைடைப்போல 11, 12 மடங்கு என்று மதிப்பிடுகிறார்கள். மிகச்சிறிய மூலக்கூறு, மிக உயர்ந்த அழுத்தம், ஏகப்பட்ட இணைப்புகள். சாலைப் போக்குவரத்தில் இந்த மூன்றும் ஒன்றுசேர்கின்றன.

பங்க்குக்குப் போகாத ஹைட்ரஜன்

சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் குச்சா என்ற இடத்தில் சினோபெக் நிறுவனம் 2023இல் தொடங்கிய ஆலை, சூரிய ஒளியில் ஹைட்ரஜன் தயாரிக்கும் உலகின் மிகப்பெரிய ஆலைகளில் ஒன்று: 260 மெகாவாட் எலக்ட்ரோலைசர், ஆண்டுக்கு 20,000 டன் திறன். அந்த ஹைட்ரஜன் எந்த லாரிக்கும் போகவில்லை. குழாய் வழியே ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் வேண்டும். கந்தக வரம்பு இறுகிய காலத்திலிருந்து ஆலைகளில் அதன் தேவை ஏறியிருக்கிறது. அங்கே ஒரு கிலோ பசுமை ஹைட்ரஜன் போனால், எரிவாயுவில் செய்த ஒரு கிலோ மிச்சம்: 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு தவிர்க்கப்படுகிறது. அதே கிலோவை லாரியில் போட்டால் 12 கிலோமீட்டர் ஓடும், நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக டீசல் மிச்சம். அதுவும் ஏறத்தாழ 10 கிலோ. இரண்டும் சமம்தான். ஆனால் சுத்திகரிப்பு ஆலைக்கு 900 பார் கம்ப்ரஸர் வேண்டாம், மைனஸ் 40 டிகிரி வேண்டாம், புது லாரி வேண்டாம். ஆண்டு முழுக்க வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளர் வேலிக்கு அந்தப்பக்கமே இருக்கிறார். அந்த ஒரு கிலோவுக்குச் செலவாகும் 53 யூனிட்டை பேட்டரி லாரிக்குக் கொடுத்தாலோ 37 கிலோமீட்டர் ஓடி, 30 கிலோவுக்கு அருகே கார்பன் டை ஆக்சைடைத் தவிர்க்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், பெட்ரோல், டீசல் தயாரிப்பில் இடையில் பயன்படும் பசுமை ஹைட்ரஜனையும் போக்குவரத்துத் துறைக்கான இலக்கில் கணக்கு வைக்க இடம் கொடுக்கிறது. அங்குள்ள சுத்திகரிப்பு நிறுவனங்கள் பசுமை ஹைட்ரஜனுக்கு நீண்டகால ஒப்பந்தம் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாலைக்கான பசுமை ஹைட்ரஜன் என்று அடுத்த சில ஆண்டுகளில் புள்ளிவிவரங்களில் ஏறப்போவதில் பெரும்பங்கு இப்படி, டீசல் தொட்டி வழியாகவே சாலைக்கு வந்துசேரும் என்று எதிர்பார்க்கலாம்.